கதை விற்ற காசில் ஓர் அச்சகம்

(பொன்விழாக் குடும்ப தின நிகழ்ச்சியில் நூலகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



எங்களுக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். அதற்குப் பிறகு பிள்ளைகளின் நிகழ்ச்சி, பிறகு சாப்பாடு. தம்மில் கிடக்கும் பிரியாணியின் வாசம் இப்போதே மேடை வரை வந்துவிட்டது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

பொன்விழாவையொட்டி மேல்மாடி அறையை நூலகமாக மாற்றுவது என்று செயலவை முடிவு செய்தது உங்களுக்குத் தெரியும். அலமாரிகள் வந்துவிட்டன. அவற்றில் எதை அடுக்குவது என்பதில்தான் பேச்சு வளர்ந்தது. மார்க்க நூல்கள், பிள்ளைகளுக்கான எஸ்.பி.எம். பயிற்சி நூல்கள் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்தில்லை. கதைப் புத்தகங்கள் என்றதும் நம் மூத்தவர்களில் ஒருவர் எழுந்தார். "காதல் கதையைச் சங்கத்துக் காசில் வாங்கி நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கையில் கொடுப்பதா? அதற்குக் கடை இருக்கிறது, கைபேசி இருக்கிறது. நமக்கு எதற்கு அந்த வேலை?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, அக்கறையில் கேட்டார். அந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால்தான் இன்றைக்கு இந்த மேடையை எடுத்துக்கொண்டோம். பதிலாக, ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லப் போகிறோம். நம் பினாங்குத் தீவில் வாழ்ந்து இங்கேயே மௌத்தானவர். காதல் நாவல் எழுதியவர். அதை எழுதும்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

பெயர் செய்யிது ஷேக் அல்ஹாதி. மலாய்க்காரர்கள் இந்தப் பெயரைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பார்கள். நம் வீடுகளில் அவ்வளவாகத் தெரியாது.

1925, 1926 ஆண்டுகளில் ஜாவி எழுத்தில், இரண்டு பாகங்களாக அவருடைய புதிய புத்தகம் வெளிவந்தது. இன்று எல்லாரும் அதை 'ஹிக்காயத் ஃபரீதா ஹனூம்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். முழுத் தலைப்பு நீளமானது. அதில் ஆஷிக், மஃஷூக் என்ற இரண்டு சொற்களும் வரும். கஸீதா கேட்டு வளர்ந்த நம் பெரியவர்களுக்கு அந்தச் சொற்களுக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. நேசிப்பவன், நேசிக்கப்படுபவள். அவ்வளவுதான் கதை என்று நினைத்து வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். வாங்கிப் படித்த பிறகுதான் உள்ளே வேறு என்னென்னவோ இருப்பது தெரிந்தது.

கதை மலாயாவில் நடக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் நடக்கிறது. ஃபரீதா செல்வக் குடும்பத்துப் பெண், படித்தவள். ஷபீக் அபந்தி என்ற இளைஞனும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். அவளுடைய தகப்பனாரோ உறவுக்குள்ளேயே ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறார். மகளின் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதிலிருந்து கிளம்பும் அலைக்கழிப்புத்தான் மிச்சக் கதை. கடைசியில் காதலர்கள் சேருகிறார்கள். சேர்ந்து வீட்டுக்குள் உட்கார்ந்துவிடாமல், பெண்களின் முன்னேற்றத்துக்காகப் பாடுபடுகிறார்கள்.

இன்று படித்தால் நடை கொஞ்சம் இழுக்கும். ஒருவர் பேச ஆரம்பித்தால் பக்கம் பக்கமாகப் பேசுவார். பெண்ணுக்குக் கல்வி ஏன் வேண்டும், மார்க்கம் அவளுக்குக் கொடுத்த உரிமை என்ன, நாம் வழக்கம் என்று கட்டிக்கொண்டது என்ன என்று கதாபாத்திரங்கள் வாதாடிக்கொண்டே இருப்பார்கள். காதலி காய்ச்சலில் கிடக்கும்போதுகூட ஆசிரியர் பாடம் நடத்தத் தவறமாட்டார் போலிருக்கிறது என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். அது நியாயமான குறைதான். ஆனால் அந்தப் பாடத்துக்காகத்தான் அவர் கதையே எழுதினார்.

பாடம் எவ்வளவு கூர்மையானது என்பது நம் ஃபிக்ஹு சட்டம் அறிந்தவர்களுக்குப் புரியும். வயது வந்த பெண்ணின் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் இல்லை என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபி மத்ஹபில், கன்னிப் பெண்ணைத் தகப்பனார் சில நிபந்தனைகளோடு தம் பொறுப்பில் மணமுடித்து வைக்கலாம். ஆனாலும் அவளைக் கேட்பது சுன்னத்து என்று அங்கும் சொல்லியிருக்கிறார்கள். மலாயா முஸ்லிம்கள் ஷாஃபிகள். நம்மில் காயல்பட்டணம், கீழக்கரை, நாகூர் பக்கத்துக் குடும்பங்கள் ஷாஃபிகள். ராவுத்தர் வீடுகள் ஹனஃபிகள். எந்த மத்ஹபாக இருந்தாலும், 'கேட்பது' என்பது கிதாபில் இருந்தது, வீட்டில் இல்லை. அந்த இடைவெளியில் விரலை வைத்துத்தான் அல்ஹாதி கதை எழுதினார். நம் வீட்டு மூத்த பெண்மணிகள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் நிக்காஹுக்கு எத்தனை பேரிடம் வாய்திறந்து சம்மதம் கேட்டார்கள் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. அவர்கள் சிரிப்பதே போதும்.

அல்ஹாதி வெறும் கதை எழுத்தாளர் அல்லர். எழுத்துக்கு வெளியே அவர் வாழ்ந்த வாழ்க்கைதான் எங்களை அதிகம் ஈர்த்தது. 1867-இல் மலாக்காவில் பிறந்தார். தகப்பன் வழி ஹள்ரமௌத் அரபுக் குடும்பம். தாய் வழி மலாய். ரியாவ் அரச குடும்பத்து ராஜா அலி கெலானா அவரைத் தம் பிள்ளையைப் போல் பெனிஙாட் தீவில் வளர்த்தார். அரச குடும்பத்தாரோடு மக்காவுக்கும் எகிப்துக்கும் போய் வந்தார். எகிப்தில் அப்போது முஹம்மது அப்துஹுவின் சீர்திருத்தக் கருத்துகள் பேச்சாக இருந்த காலம்.

பிறகு சிங்கப்பூர். ரியாவ் குடும்பத்தின் வணிக அலுவல்களைக் கவனிக்கத்தான் அங்கே வந்தார். கணக்குப் புத்தகமும் சரக்கும் பார்த்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. பின்னால் சொல்லப்போவதற்கு அது முக்கியம். 1906-இல் ஷேக் தாஹிர் ஜலாலுத்தீன் போன்றவர்களோடு சேர்ந்து 'அல் இமாம்' என்ற மாத இதழைத் தொடங்கினார்கள். மலாய் முஸ்லிம் சமுதாயம் ஏன் பின்தங்கியிருக்கிறது என்று வெளிப்படையாகக் கேட்ட முதல் இதழ்களில் அது ஒன்று. 1908-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அதே காலத்தில் சிங்கப்பூரில் 'மதரஸா அல் இக்பால்' என்ற பள்ளிக்கூடத்தையும் தொடங்கினார். மார்க்கக் கல்வியோடு கணக்கு, ஆங்கிலம் எல்லாம் சொல்லித்தரும் மதரஸா. அதுவும் நெடுநாள் நிற்கவில்லை.

பிறகு ஜொகூரில் ஷரீஅத் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். மறுபடி மலாக்காவுக்குப் போய் இன்னொரு மதரஸா, அதுவும் ஓடவில்லை. பினாங்குக்கு வந்து, ஜார்ஜ் டவுனில் 'மதரஸா அல் மஷ்ஹூர்' பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அது நன்றாக நடந்தது. அங்கே படித்தவர்களில் பின்னாளில் பேர் எடுத்தவர்கள் பலர்.

இரண்டு பள்ளிக்கூடம், ஓர் இதழ், எல்லாம் கண் முன்னே மூடியதைப் பார்த்தவர். நம் சங்கத்தில் தமிழ் வகுப்பு எத்தனை முறை தொடங்கி, எத்தனை முறை ஆசிரியர் கிடைக்காமல், பிள்ளைகள் வராமல் நின்றது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்படி நிற்கும்போது நாம் செய்வது, அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போடுவது. அவர் செய்தது வேறு. நன்கொடையை நம்பிய காரியமெல்லாம் நன்கொடையாளர் கை ஓய்ந்ததும் ஓய்ந்துவிடுகிறது என்று அந்தப் பழைய வியாபாரிக்குப் பட்டிருக்க வேண்டும். மக்கள் தாமாகக் காசு கொடுத்து வாங்கும் ஒன்று வேண்டும். அது என்ன? கதை.

ஃபரீதா ஹனூம் விற்றது. நன்றாகவே விற்றது. அதில் வந்த பணத்தைக் கொண்டு 1927-இல் ஜெலுத்தோங்கில் ஓர் அச்சகம் நிறுவினார்: ஜெலுத்தோங் பிரஸ். நம்மில் பாதிப் பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது போய் வருகிற அதே ஜெலுத்தோங்தான். 1926-இல் தொடங்கியிருந்த 'அல் இக்வான்' மாத இதழும், 1928-இல் தொடங்கிய 'சௌதாரா' வார இதழும் அவர் நடத்தியவை. 'சௌதாரா' அவர் மௌத்துக்குப் பிறகும் 1941 வரை வந்தது.

அந்த அச்சகத்திலிருந்து என்னென்ன வந்தன என்று பார்த்தால் நம் மூத்தவரின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். திருக்குர்ஆனின் 'அம்ம' ஜுஸ்உவுக்கு முஹம்மது அப்துஹு எழுதிய விளக்கத்தை மலாயில் கொடுத்தார். சூரத்துல் ஃபாத்திஹாவுக்கு விளக்கம் கொடுத்தார். பெண்களின் நிலை பற்றித் தனி நூல் எழுதினார். எகிப்தின் காஸிம் அமீன் 1899-இல் எழுதி அரபு உலகத்தையே உலுக்கிய புத்தகத்தின் வழி வந்தது அது. இவற்றோடு கூடவே 'ரொக்கம்புல்' என்ற துப்பறியும் கதை வரிசையையும் எழுதி வெளியிட்டார்! பிரெஞ்சு நாட்டுக் கதை, அரபு வழியாக மலாய்க்கு வந்தது. களவும் கொலையும் மாறுவேடமும் நிறைந்த சரக்கு. தஃப்ஸீரையும் திருடன் கதையையும் ஒரே மனிதர் எழுதினார். வாசகர்களும் இரண்டையும் வாங்கினார்கள்.

இதற்காக ரொக்கம்புல்லை நல்ல இலக்கியம் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லப்போனால், அதையெல்லாம் எழுதிய நேரத்தில் இன்னொரு ஃபரீதாவை எழுதியிருக்கலாம் என்பதே எங்கள் எண்ணம். ஆனால் மாதாமாதம் கூலி கொடுக்க வேண்டிய அச்சகக்காரரின் கஷ்டம் அச்சகக்காரருக்குத்தான் தெரியும்.

எதிர்ப்பு இல்லாமல் இருந்ததா? பலமாக இருந்தது. அந்நாளில் இவர்களைப் போன்ற சீர்திருத்தக்காரர்களுக்கு 'கவூம் மூடா' என்று பெயர், இளைய கூட்டம். மறுபக்கம் 'கவூம் துவா', மூத்த கூட்டம். பள்ளிவாசல், கடைத்தெரு, சில குடும்பங்களுக்குள்ளேகூட இந்தப் பிளவு இருந்தது. அன்னிய ஆணும் பெண்ணும் சந்திப்பதையும் கடிதம் எழுதிக்கொள்வதையும் இவ்வளவு விரிவாக ஓர் ஆலிம் எழுதலாமா என்று உலமாக்கள் சிலர் கண்டித்தார்கள். நம் மூத்தவர் கேட்ட கேள்வியேதான். நூறு வருஷமாக அந்தக் கேள்வி இந்தத் தீவில் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

தமிழ் முஸ்லிம்களும் ஒதுங்கி வேடிக்கை பார்க்கவில்லை. பா. தாவூத் ஷாவின் 'தாருல் இஸ்லாம்' அதே ஆண்டுகளில் சென்னையிலிருந்து கப்பலேறி இங்கே வந்துகொண்டிருந்தது. அதை ஆவலோடு படித்தவர்களும் உண்டு, கையால் தொடமாட்டேன் என்றவர்களும் உண்டு. அதற்கு முன்பே பார்த்தால், 1876-இல் சிங்கப்பூரில் தொடங்கிய முதல் மலாய்ச் செய்தித்தாளின் பெயரே 'ஜாவி பெரானாக்கான்'. நம் இந்திய முஸ்லிம் தந்தைவழி வந்த சமூகத்தாரின் முயற்சி அது. பிறகு 1887-இல் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழை நடத்தினார். அச்சுத் தொழிலும் பத்திரிகையும் நமக்குப் புதியவை அல்ல.

நாவல் மட்டும் புதிதா? அதுவும் இல்லை. அல்ஹாதிக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1885-இல், இலங்கைக் கண்டியைச் சேர்ந்த எம்.சி. சித்திலெப்பை 'அஸன்பே சரித்திரம்' எழுதினார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்து ஆறே ஆண்டு. எழுதியவர் வழக்கறிஞர். 1882-இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். அவருடைய கதைக்கும் எகிப்துதான் ஊர்! எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட உராபி பாஷா 1883-இல் இலங்கைக்கு வந்தார்; அவரோடு சேர்ந்து சித்திலெப்பை பாடுபட்டதன் பலன் பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் திறந்தார். வக்கீல் தொழில், பத்திரிகை, பள்ளிக்கூடம், பெண்கல்வி, எகிப்தில் நடக்கும் ஒரு கதை. பினாங்குக்காரரின் வாழ்க்கையையும் கண்டிக்காரரின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலத் தெரிகிறது. ஏன் இருவருமே எகிப்துக்குப் போனார்கள் என்று எங்கள் குழுவில் நெடுநேரம் பேசினோம். உள்ளூரில் வைத்து எழுதினால் இன்னார் வீட்டைச் சொல்கிறார் என்று சண்டைக்கு வருவார்கள்; கெய்ரோவில் வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. எங்களுக்குத் தோன்றும் காரணம் இது. கெய்ரோவில் ஒரு முஸ்லிம் பெண் படித்தால், அது வெள்ளைக்காரன் வழக்கம் என்றும் தள்ளிவிட முடியாது.

இருவரும் ஆண்கள். பெண்ணின் மனத்தைப் பற்றி ஆண்கள் எழுதியது போதும், நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று சொல்வதுபோல் 1938-இல் நாகூரிலிருந்து 'காதலா? கடமையா?' வந்தது. எழுதியவர் சித்தி ஜுனைதா பேகம். பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். பன்னிரண்டு வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்டவர். அந்த நாவலுக்கு உ.வே. சாமிநாதையர் மதிப்புரை தந்தார். அவர் எடுத்துக்கொண்டது அரசாங்கம், அரியணை, காதல் என்று பழைய ராஜ்யக் கதை. கோஷாவுக்குள் இருந்துகொண்டு தம் பெயரைத் தாமே அட்டையில் போட்டு வெளியிட அந்தக் காலத்தில் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்பதை நாகூரில் சொந்தபந்தம் உள்ளவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அல்ஹாதி 1934 பிப்ரவரியில் மௌத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதே ஆண்டில் 'சௌதாரா' வாசகர்கள், அதன் பக்கங்களில் கடிதத் தோழமையாகத் தொடங்கியதை ஓர் இயக்கமாக்கித் தைப்பிங்கில் மாநாடு கூடினார்கள். மலாயா முழுவதிலும் இருந்த மலாய்க்காரர்களை ஒன்றுசேர்த்த முதல் அமைப்பு என்று அதைச் சொல்வார்கள். வேறு வேறு ஊரில் இருந்தவர்கள் ஒரே பத்திரிகையைப் படித்ததால் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டார்கள்.

இனி நம் அலமாரி விஷயம். நம் மூத்தவரின் கவலை வீண் கவலை என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லாக் கதையும் நல்ல கதை அல்ல. பிள்ளைகள் கைபேசியில் படிக்கும் தொடர்கதைகள் சிலவற்றைப் பார்த்த பிறகு அந்தக் கவலை எங்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் பெண்பிள்ளைகள் கதை படிக்காமல் இருக்கப்போவதில்லை. நாம் கொடுக்காத கதையை வேறு யாராவது கொடுப்பார்கள். தகப்பனார் மகளிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று சொல்லும் ஒரு கதையை, தஃப்ஸீர் எழுதிய கையால் எழுதப்பட்ட கதையை, நம் அலமாரியில் வைக்க மறுத்தால் பிறகு எதைத்தான் வைப்பது? செயலவையும் இதைக் கேட்டு, மூன்றாவது அலமாரியைக் கதைகளுக்கு ஒதுக்கச் சம்மதித்திருக்கிறது. புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அந்த மூத்தவரே இருக்க வேண்டும் என்று கேட்டோம், ஒப்புக்கொண்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு சிக்கல் உண்டு. ஃபரீதா ஹனூம் மலாயில் இருக்கிறது. ஜாவி மூலத்துக்குப் பிறகு ரூமி எழுத்தில் மறுபதிப்பு வந்தது. அதுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. நம் பெரியவர்கள் பேசுவது கடைத்தெரு மலாய். பக்கம் பக்கமாகப் படிக்க வராது. பிள்ளைகளுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் வாசிக்கத்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு, பிள்ளைகள் மலாயில் ஓர் அத்தியாயம் படித்து, அதன் கதையைத் தங்களுக்கு வந்த தமிழில் நன்னிமார்களுக்குச் சொல்வது என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். தவறாகச் சொன்னால் நன்னிமார் தமிழைத் திருத்துவார்கள். பிள்ளைகள் அவர்களுடைய மலாயைத் திருத்துவார்கள். மூன்று வாரம் நடந்துவிட்டது. ஃபரீதாவின் தகப்பனாரைத் திட்டுவதில் இரண்டு தலைமுறையும் ஒன்றாகிவிட்டன.

அஸன்பே சரித்திரமும், சித்தி ஜுனைதாவின் நாவலும் தருவிக்கச் சொல்லியிருக்கிறோம். யாருடைய வீட்டுப் பெட்டியிலாவது பழைய 'தாருல் இஸ்லாம்' இதழ்களோ, ஜாவியிலோ அரபுத் தமிழிலோ அச்சான புத்தகமோ இருந்தால், பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போடாமல் எங்களிடம் காட்டுங்கள். படி எடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.

மாடி இன்றைக்கு இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். புத்தகம் எடுத்துப் போகிறவர்கள் வாசலில் இருக்கும் பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். பிரியாணிக் கையோடு மட்டும் யாரும் மேலே வர வேண்டாம்.

வஸ்ஸலாம்.